மெய்யான மனந்திரும்புதல் எது?
யாழ்ப்பாணக் கிறித்தவத்தில் ஆவிக்குரிய பகுத்துணர்வின் வளர்ச்சி

யாழ்ப்பாணத்துக் கிறித்தவத்தின் வரலாறு பெரும்பாலும் எண்ணிக்கையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றனர், எத்தனை ஆலயங்கள் எழுந்தன, எத்தனை பாடசாலைகள் திறக்கப்பட்டன என்பனவே அவ்வரலாற்றின் பேசுபொருள்களாயின. ஆனால், இக்குடாநாட்டிற் கிறித்தவத்தைப் போதித்தோரும் அதனை ஏற்றோரும் உள்ளூர எதிர்நோக்கிய வினா வேறொன்றாகும். ஒருவர் கொண்ட விசுவாசம் மெய்யானதா, போலியானதா என்பதை எவ்வாறு அறிவது? அறிதற்குரியவர் யார்? போதகரா, சபையா, விசுவாசியின் சொந்த மனச்சாட்சியா? பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் ஆவிகளைப் பகுத்தறியும் ஆற்றலை ஒரு வரமாகவே வைத்தெண்ணுகின்றார். அவ்வரம் யாழ்ப்பாண மண்ணில் எவ்வாறு தேடப்பட்டது, எங்கெங்கு தவறியது, யார் கைக்கு மாறியது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியபின், போர்த்துக்கேயர் காலத்திற் கத்தோலிக்கராகியிருந்தோர் சீர்திருத்தச் சபைக்குரியோராகக் கணிக்கப்பட்டனர். கத்தோலிக்கக் குருமார் நாட்டில் தங்குதல் தடுக்கப்பட்டது. திருமுழுக்கும் விவாகமும் பாடசாலைத் தோம்புகளிற் பதியப்பட்டன. அப்பதிவின்றேல் விவாகத்தின் செல்லுபடி ஐயத்துக்குள்ளாகும்; பிள்ளைகளின் முதுச உரிமையும் அவ்வாறே; அரசாங்க உத்தியோகம் கிட்டாது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணப் பகுதியிற் கிறித்தவர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என ஒல்லாந்தர் கணக்கெழுதி வைத்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்து நிபந்தனைகள் தளர்ந்ததும் அவர்களுட் பெரும்பாலோர் காணாமற் போயினர். காணாமற் போயினர் என்பதிலும், தோம்பிலன்றி வேறெங்கும் அவர்கள் இருந்ததில்லை என்பதே பொருத்தமாகும். இருபது ஆண்டுகளின்பின் அமெரிக்க மிஷனரிமார் வந்தபோது தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்களுக்குக் கிடைத்தவை கூரையற்ற ஒல்லாந்தர் ஆலயச் சுவர்களே.

அதே ஒல்லாந்தர் காலத்தில் முற்றிலும் வேறான ஒரு சோதனையும் நிகழ்ந்தது. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்து, நோயுற்ற உடலுடன் யாழ்ப்பாணத்தை அடைந்தார். யார் கத்தோலிக்கர், யார் காட்டிக் கொடுப்பவர் என அவரால் அறிய இயலவில்லை. வாய்திறந்து கேட்பது ஆபத்து. எனவே கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சையேற்றார். அம்மாலையைக் கண்டவர் முகத்தில் தோன்றும் மாற்றமே அவருக்கு அடையாளமாயிற்று. அதன்வழியே சில குடும்பங்களைக் கண்டறிந்து, பின்னர்ச் சில்லாலையிற் புகலிடம் பெற்றார். தோம்பு எழுதியவர் ஆயிரக்கணக்கானோரைக் கண்டும் விசுவாசத்தைக் காணவில்லை. செபமாலையணிந்த பிச்சைக்காரர் ஒருசிலரைக் கண்டார். ஆனால் மெய்யாகவே கண்டார். ஏற்பதனால் இலாபமில்லாத, இழப்பு மட்டுமேயுள்ள சூழலில் விசுவாசத்தை இனங்காணுதல் எளிது என்பது இதனாற் புலனாகும். இலாபம் வந்து கலக்கும்போதே பகுத்துணர்வு கடினமாகின்றது. அமெரிக்க மிஷனின் கதை அத்தகையது.

1816இல் இலங்கையை அடைந்த டானியல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் றிச்சட்ஸ், எட்வேட் வாறன் ஆகியோர் நியூ இங்கிலாந்தின் சபைமுறைத் திருச்சபையிலிருந்து வந்தோர். அத்திருச்சபைக்கு இவ்வினா பரம்பரைச் சொத்து. பதினேழாம் நூற்றாண்டிலேயே அங்கு, சபையிற் சேர விரும்புவோர் தமது உள்ளத்திற் கடவுள் செய்த கிரியையைச் சபைமுன் எடுத்துரைக்க வேண்டுமென்ற வழக்கம் வேரூன்றியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் எழுப்புதல்களின்போது மக்கள் ஆலயங்களில் அழுதும் நடுங்கியும் விழுந்தும் தமது உணர்ச்சியை வெளியிட்டனர். இது கடவுளின் செயலா, வெறும் கிளர்ச்சியா என்று கேட்ட யோனத்தான் எட்வேட்ஸ், 1746இல் சமய உணர்ச்சிகளைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கண்ணீரோ, உடல் நடுக்கமோ, வேதவசனம் சரளமாக நாவில் வருவதோ எப்பக்கத்துக்கும் சான்றாகாதென்பது அவர் துணிபு. நீண்ட காலம் நிலைத்து நிற்கும் நடத்தையே தலையாய அடையாளம் என்றார். பூவரும் அவர் தோழரும் இம்மரபிற் பயின்றே கப்பலேறினர்.

1824ஆம் ஆண்டு தொடக்கத்தில் தெல்லிப்பழையில் ஓர் எழுப்புதல் தோன்றி, உடுவில், வட்டுக்கோட்டை, மானிப்பாய், பண்டத்தரிப்பு ஆகிய நிலையங்களுக்கும் பரவியது. விடுதிப் பாடசாலை மாணவர் அழுதனர். இரவிற் கூடிச் செபித்தனர். தம் பாவங்களை அறிக்கையிட்டனர். எட்டாண்டுக் காலமாகப் பலன் காணாது உழைத்தவர்கள் இதனைக் கண்டு உடனே திருமுழுக்குக் கொடுத்திருந்தால் வியப்பில்லை. ஆனால் அவர்கள் காத்திருந்தனர். மாணவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே வினவி, மாதக்கணக்காக நடத்தையைக் கவனித்து, 1825 ஜனவரியிலே சண்டிலிப்பாயில் நாற்பதுபேர் வரையிலானோரை ஒரே நாளிற் சபையிற் சேர்த்தனர்.

இப்பொறுமை பாராட்டுக்குரியது. எனினும் அவர்களின் பார்வைக்கு எட்டாத ஒன்று இருந்தது. அம்மாணவர் வெற்றுப் பலகைகளல்லர். திருவாசகம் ஓதப்படும் வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கு, உள்ளம் உருகிக் கண்ணீர் பெருக்குதல் புதிய அனுபவமன்று. அருளின் அடையாளமாகச் சைவ மரபு வளர்த்தெடுத்த மொழியே அது. மேலும், ஆன்மாவின் பக்குவத்தைச் சோதித்தறியும் ஒரு முழுமையான கோட்பாடு சைவசித்தாந்தத்தில் உண்டு. இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்த்த ஆன்மாவிற் சத்தி பதிதலை மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகையாகப் பகுத்து, அதற்கேற்பவே குரு தீட்சை கொடுப்பார். ஆகவே, பூவர் ஐயர் முன் அமர்ந்து, தன் உள்ளத்தின் நிலையைச் சொல்லுமாறு கேட்கப்பட்ட வட்டுக்கோட்டைச் சிறுவன், பக்குவம் சோதிக்கப்படுதல் என்ற எண்ணமே அறியாத உலகிலிருந்து வந்தவனல்லன். சோதிப்பவருக்கே சோதிக்கப்படுபவனின் மொழி முழுமையாகத் தெரியாதிருந்தது. எட்வேட்ஸின் அளவுகோல் நோதம்டன் என்ற ஊரிற் செய்யப்பட்டதன்றோ!

இதனினும் பெரிய இடர்ப்பாடு நன்மைகளால் வந்தது. 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியிற் சோறும் உடையும் படிப்பும் கிடைத்தன. தமது உதவியால் வாழ்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்கத் தருமவான்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. நெவின்ஸ், கறல், ஆர்னல்ட் முதலிய பெயர்கள் தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றமை இவ்வாறே. உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலையிற் கற்றுக் கிறித்தவரை மணந்த பெண்களுக்கு மிஷன் சீதனம் வழங்கியது. கிராமப் பாடசாலைகளிற் கற்பித்த சைவ ஆசிரியர்கள் ஞாயிறு ஆராதனைக்குச் சமுகமளித்தனர். சம்பளம் அதனோடு இணைந்திருந்தது. ஒல்லாந்தரின் தோம்பைக் கண்டு நகைத்தவர்கள், தோம்பில்லாமலே அதனையொத்த ஒரு நிலைமையை உருவாக்கினர் எனின் மிகையாகாது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறுத்தலாகாது: ஒல்லாந்தருக்கு எண்ணிக்கை போதுமாயிருந்தது, அமெரிக்கர் தமது எண்ணிக்கையையே ஐயுற்றனர். பொஸ்டனிற் பணம் கொடுப்போர் வாசிக்கும் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களிலும் அவர்கள் ஏமாற்றங்களை மறைக்கவில்லை.

சாதி என்ற இடத்தில் அனைவரின் பகுத்துணர்வும் தடுமாறியது. செமினரி மாணவருட் பெரும்பாலோர் வேளாளர். எல்லாச் சாதியாரும் ஒரே பாத்திரத்திற் பானம்பண்ணும் திருவிருந்து அவர்களுக்குக் கடும் சோதனையாகும். அதே அமெரிக்கச் சங்கத்தின் மதுரை மிஷன் 1847இற் சமபந்தியுணவையே விசுவாசத்தின் உரைகல்லாக்கியபோது உபதேசிமார் பலர் விலகினர். ஆலயத்தில் ஒரே பாத்திரத்திற் குடித்துவிட்டு வீட்டில் வேறு செம்பு வைத்திருப்பவரை எந்த உரைகல்லால் அறிவது? இவ்வினாவுக்கு யாழ்ப்பாணத் திருச்சபைகள் நெடுங்காலம் விடை கூறாதே காலங்கழித்தன.

செமினரியின் வகுப்பறைகளில் இன்னொன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. 1829இல் ஒரு சந்திரகிரகணத்தின் நேரத்தைப்பற்றிப் பஞ்சாங்கக் கணிதமும் பூவரின் கணிதமும் மாறுபட்டபோது, மாணவர் மணிக்கூட்டை வைத்துத் தாமே பார்த்தறியுமாறு விடப்பட்டனர். மேனாட்டுக் கணிதம் வென்றது. புராணத்தின்மீதுள்ள பற்று இதனால் தளருமெனப் பூவர் எதிர்பார்த்தார். ஆனால், சொன்னதை நம்பாதே, சோதித்துப் பார் என்று கற்றவன் பஞ்சாங்கத்தோடு நின்றுவிடுவானா? 1841இல் தொடங்கிய உதயதாரகையின் பக்கங்களில் சைவரும் கிறித்தவரும் எதிரெதிரே நின்று வாதிட்டனர். பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டு அந்நூலை நன்கறிந்த ஆறுமுக நாவலர், 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளைப் பழிப்போர் தம் வேதத்தின் பலிகளையும் தூபத்தையும் சுத்திகளையும் முதலில் நோக்கட்டும் என விவிலிய ஆதாரங்களோடு எழுதினார். சோதிக்கும் உரிமை மறுகைக்குப் போய்விட்டது.

1855இல் அமெரிக்கச் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் யாழ்ப்பாணம் வந்தார். செமினரி ஆங்கிலங்கற்ற உத்தியோகத்தரை உருவாக்குகின்றதேயன்றிக் கிராமப் போதகரை உருவாக்கவில்லையென்பதும், மாணவருட் சபை அங்கத்தவர் மிகச் சிலரேயென்பதும் அவர் கண்ட குறைகள். அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது. பூவரும் அவ்வாண்டிலேயே வாந்திபேதியால் மானிப்பாயில் மறைந்தார். அன்டர்சனின் கணக்கு பிழையன்று. ஆனால் அவரும் எண்ணிக்கையைக்கொண்டே விசுவாசத்தை அளந்தார் என்பதை நோக்குதல் வேண்டும்.

அச்செமினரியிற் கற்ற மூவரை நோக்குவோம். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை இறுதிவரை கிறித்தவராகவே வாழ்ந்து, உதயதாரகையை நடத்தினார். 1886இல் அவர் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகத்திற் சைவப் புலவர்களின் வரலாறுகளைக் காழ்ப்பின்றித் தொகுத்தார். கறல் விசுவநாதபிள்ளை நாவலருக்கு எதிராகச் சுப்பிரதீபம் எழுதியவர். பிற்காலத்திற் சைவத்துக்கே மீண்டார். மிஷன் ஊழியரின் மைந்தரான சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857இல் விசுவநாதபிள்ளையுடன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாகிப் பின்னர்ச் சைவரானார். தொல்காப்பியவுரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். அன்டர்சனின் பேரேட்டில் முதலாமவர் வரவு. ஏனைய இருவர் செலவு. ஆனால், தாம் பெற்றதைத் தாமே ஆராய்ந்து தேர்ந்தவர் என்ற வகையில் மூவரும் ஒருதரத்தினரே. கிறித்தவராக நிலைத்த சதாசிவம்பிள்ளையின் விசுவாசம், வேறு வழியுண்டென்று நன்கறிந்தும் நிலைத்த விசுவாசமாதலின், 1825இற் சண்டிலிப்பாயிற் சோதிக்கப்பட்டதைவிட ஆழமான சோதனையைக் கடந்ததாகும்.

செமினரியிற் கற்பித்தோருள் ஹொய்சிங்டன் பாதிரியார் ஒருவரே எதிர்த்தரப்பின் அளவுகோலைக் கற்க முயன்றவர் எனலாம். சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் அமெரிக்காவில் வெளியிட்டார். அதற்குள் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கியிருந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் ஒரு தமிழர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதல் அத்தியட்சராகிய சபாபதி குலேந்திரன், 1964இல் வெளியிட்ட ஆங்கில நூலிற் கிறித்தவத்தின் கிருபைக் கோட்பாட்டையும் சைவசித்தாந்தம் முதலான இந்து நெறிகளின் அருட்கோட்பாட்டையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். சத்திநிபாதமும் மலபரிபாகமும் அங்கு பழிப்புக்குரிய சொற்களாகவன்றி, விடையிறுக்கப்பட வேண்டிய கருத்துகளாகவே இடம்பெறுகின்றன.