பெயர் சொல்லாத அச்சம்: கொல்லிமலையை முன்வைத்துப் பாம்பும் சிலந்தியும்

பொழுது சாய்ந்த பிறகு பாம்பைப் பாம்பென்று சொல்லக்கூடாது என்ற வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. ‘பூச்சி பொட்டு கிடக்கும், வெளக்கை எடுத்துக்கிட்டுப் போ’ என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரிக்கும்போது பாம்பு பூச்சியாகிவிடுகிறது. சிலந்திக்கோ பட்டப்பகலிலும் எட்டுக்கால் பூச்சி என்றே பெயர். கால் இல்லாத ஒன்றும் கால் மிகுந்த ஒன்றும் ஒரே சொல்லுக்குள் ஒடுங்குவது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அச்சம் செய்யும் வேலையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் சான்று கிடைப்பது அரிது: அது பெயரை மழுப்பி, வேறுபாட்டை அழித்துவிடுகிறது. இக்கட்டுரை அந்த வேறுபாட்டை மீட்க முயல்கிறது. பாம்பச்சமும் சிலந்தியச்சமும் ஒரே வேரில் கிளைத்தவை அல்ல என்பதும், எந்த உயிர், எந்த இடம், எந்த நேரம் என்று வகை தெரிந்து அஞ்சுவதையே மதிப்பு என்று சொல்லவேண்டும் என்பதும் இதன் வாதம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலையில் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் இந்த மேட்டில் சோலைக்காடும், மிளகுக்கொடி படர்ந்த காப்பித் தோட்டமும், சாமையும் தினையும் விளையும் சரிவும், பள்ளத்து நெல்வயலும் ஒன்றையொன்று ஒட்டியே கிடக்கின்றன. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் வேலை செய்யும் நிலமும் பாம்பு இரை தேடும் நிலமும் ஒன்றுதான்.

பாம்பைக் கண்டு நடுங்குவது பிறவியிலேயே வருவதா, பழக்கத்தில் வருவதா என்ற கேள்விக்கு உளவியலில் அரை நூற்றாண்டு விவாதம் இருக்கிறது. சில பொருள்களுக்கு அஞ்சக் கற்றுக்கொள்வதற்கு உயிரினங்கள் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கின்றன என்ற கருத்தை 1971இல் மார்ட்டின் செலிக்மன் முன்வைத்தார். அதைச் சோதித்தவர்களில் சூசன் மினெகாவும் மைக்கேல் குக்கும் முக்கியமானவர்கள். ஆய்வகத்திலேயே பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பிடம் அச்சம் இல்லை. காட்டில் வளர்ந்த குரங்கு ஒன்று பாம்பைக் கண்டு பதறுவதைப் பார்த்ததும் அவையும் விரைவில் பதறக் கற்றுக்கொண்டன. 1989இல் வெளியான ஆய்வில் அவர்கள் படச்சுருளையே மாற்றி ஒட்டினார்கள். அதே பதற்றம், ஆனால் குரங்குக்கு முன்னே பொம்மைப் பாம்புக்குப் பதில் ஒரு பூ. பூவுக்கு அஞ்சக் குரங்குகள் கற்கவில்லை. மனிதக் குழந்தைகளிடமும் ஏறத்தாழ இதே நிலைதான். ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பாம்பு, சிலந்திப் படங்களைக் காட்டியபோது பூ, மீன் படங்களைக் காட்டியபோது விரிந்ததைவிடக் கண்மணி அதிகமாக விரிந்ததை 2017இல் ஸ்டெஃபானி ஹேல் குழுவினர் பதிவுசெய்தனர். ஆனால் 2009இல் ஜூடி டிலோச், வனெசா லோபியூ இருவரும் செய்த ஆய்வில், அஞ்சிய குரல் ஒலித்தபோது குழந்தைகள் பாம்புப் படத்தைக் கூடுதல் நேரம் பார்த்தனவே தவிர, பாம்பைக் கண்டு விலகவோ அழவோ இல்லை. இவற்றைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் முடிவு தெளிவானது. பிறவியில் வருவது கவனம் மட்டுமே. அந்தக் கவனத்தை நடுக்கமாக்குவதா, அருவருப்பாக்குவதா, அறிவாக்குவதா என்பதை முடிவுசெய்வது அருகில் இருக்கும் பெரியவரின் குரல். ஆகவே அச்சத்தைப் பற்றிப் பேசும்போது மரபணுவைச் சாட்சிக்கு அழைத்துவிட்டுப் பண்பாடு தப்பித்துக்கொள்ள முடியாது.

இந்தக் கவனம் சிலந்தியிடம் எப்படி அச்சமாக மாறியது என்பதைப் பார்த்தால் பாம்பின் கதையிலிருந்து அது எவ்வளவு விலகியது என்பது புரியும். மனித இனத்தைச் சிலந்தி கொன்று குவித்ததாகச் சான்று இல்லை. உலகில் அறியப்பட்ட 50,000க்கும் மேற்பட்ட சிலந்தியினங்களில் மனிதருக்கு ஆபத்தானவை மிகச் சிலவே. சிலந்தியச்சத்தில் உயிருக்கு அஞ்சுவதைவிட நோய்க்கு அஞ்சும் அருவருப்பே மிகுதி என்று கிரஹாம் டேவி வாதிட்டார். அவர் காட்டிய சான்றுகள் ஐரோப்பியக் கொள்ளைநோய்க் காலத்தைச் சேர்ந்தவை. தமிழில் இதற்கு இன்னும் நேரடியான சான்று அகராதியிலேயே கிடக்கிறது. சிலந்தி என்ற சொல்லுக்கு எட்டுக்கால் உயிர் ஒரு பொருள், உடம்பில் புடைத்து எழும் புண்கட்டி மற்றொரு பொருள். தோலில் காரணம் தெரியாமல் தடிப்போ கொப்புளமோ வந்தால் ‘சிலந்தி விஷம்’ என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. உயிரும் நோயும் ஒரே பெயரைச் சுமக்கும்போது அந்த உயிரைத் துடைப்பத்தால் அடிப்பது மருத்துவம் போலவே தோன்றிவிடும். ஆனால் உண்மையில் அந்த உயிர் செய்வது என்ன? உலகச் சிலந்திகள் ஆண்டுக்கு 40 கோடி முதல் 80 கோடி டன் வரை பூச்சிகளையும் பிற சிற்றுயிர்களையும் தின்கின்றன என்று 2017இல் மார்ட்டின் நைஃபெலரும் கிளாஸ் பிர்கோஃபரும் கணக்கிட்டனர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப்பாதையில் ஆள் உயரத்துக்கு வலை கட்டும் மரச்சிலந்தியை எடுத்துக்கொள்ளலாம். வெயில் பட்டால் வலையின் நூல் பொன்மஞ்சளாக மின்னும். நடுவில் தலைகீழாகத் தொங்கும் பெண் சிலந்தி காலை விரித்தால் உள்ளங்கை அகலம் இருக்கும். அதே வலையின் ஓரத்தில், பெண்ணின் குட்டி என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்குச் சிறிதாக, ஆண் ஒட்டிக்கொண்டிருக்கும். நாமக்கல்லின் அண்டை மாவட்டமான சேலத்தின் காடையாம்பட்டியில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1899இல் போகாக் விவரித்த மரப்பொந்துச் சிலந்தி ஒன்று உண்டு. அச்சமூட்டும் தோற்றமும், கடித்தால் கடும் தசைப்பிடிப்பைத் தரும் நஞ்சும் உடையதுதான். ஆனால் 2019இல் இந்தப் பேரினம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது சிலந்தியிடமிருந்து மனிதரைக் காக்க அல்ல. வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்குப் பிடித்துப்போகும் மனிதரிடமிருந்து சிலந்தியைக் காக்கவே.

பாம்பின் நிலை வேறு. இங்கே அச்சத்துக்குக் கணக்கு இருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2005ஆம் ஆண்டுக்கான முந்தைய ஆய்வொன்றில் அத்தகைய சாவுகளில் 97 விழுக்காடு ஊரகத்தில் நேர்ந்தவை, 77 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே நேர்ந்தவை. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்ற பழமொழியை மூடநம்பிக்கை என்று ஒதுக்க இந்த எண்கள் இடம் தருவதில்லை. ஆனால் படை நடுங்குவது எல்லாப் பாம்புக்கும் ஒரேபோல நடுங்குவது. சாவோ அப்படி வருவதில்லை. கட்டுவிரியனைக் கவனித்தால் போதும். பகலில் மந்தமாகச் சுருண்டு கிடப்பது, இரவில் இரை தேடி வீட்டுக்குள்ளும் வரும். தரையில் பாய்விரித்துப் படுத்திருப்பவரை உறக்கத்திலேயே கடிக்கும். கடித்த இடத்தில் பெரிய வலியோ வீக்கமோ இராது. பல்தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விடியலில் வயிற்றுவலி, பிறகு இமை கனத்துக் கண் சொருகும், அதன்பின் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். கடித்தால் எட்டடிக்குள் சாவு என்று நம்பி ‘எட்டடி விரியன்’ என்று பெயரிட்ட நாட்டுவழக்கு நேரக் கணக்கில் தவறியிருக்கலாம், ஆளைத் தவறவில்லை. இந்தப் பாம்புக்கு எதிரான காப்பு தடி அல்ல, கட்டிலும் கொசுவலையும். கண்ணாடி விரியனுக்கு எதிரான காப்பு காலணியும் கைவிளக்கும். வகை தெரிந்த அச்சம் என்று முதலில் சொன்னதன் பொருள் இதுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: தமிழரிடம் மதிப்பு ஏற்கெனவே இருக்கிறதே, புற்றுக்குப் பால் வார்ப்பதும், சிலந்தி பூசித்த தலம் என்று திருவானைக்காவைக் கொண்டாடுவதும், பாம்பும் சிலந்தியும் யானையோடு சேர்ந்து பேறுபெற்றதாகச் சொல்லும் காளத்தியும் போதாதா? கொல்லிமலையே இதற்குச் சான்றாகலாம். சங்கப் பாடல்களில் எழிலுக்கு உவமையாக வரும் கொல்லிப்பாவை, பிற்கால மரபில் சிரித்து மயக்கிக் கொல்லும் பாவையாகி, இன்று எட்டுக்கை அம்மனாக வழிபடப்படுகிறாள். (எட்டுக்கைக்குக் கோயிலும் எட்டுக்காலுக்குத் துடைப்பமும் என்பது நம் கணக்கின் விசித்திரம்.) அழகும் ஆபத்தும் ஒரே உருவில் இருக்க முடியும் என்று கண்ட கற்பனை சாதாரணமானதன்று. எனினும் வழிபாடு வேறு, மதிப்பு வேறு. பால் பாம்பின் உணவே இல்லை. கோயிலில் கல்நாகத்துக்கு மஞ்சள் பூசியவர் வீடு திரும்பும் வழியில் சாரையைக் கண்டால் அடிக்கக் கூச்சல் போடுவதில் அவருக்கு முரண் தெரிவதில்லை. காரணம், வழிபாடும் கொலையும் ஒரே அறியாமையின் இரு கைகள்: இரண்டுமே எதிரே இருக்கும் உயிரைப் பார்ப்பதில்லை. கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும், பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும், மண்ணுளி நக்கினால் தோல்நோய் வரும் என்ற கதைகளில் இடம்பெறும் மூன்றும் மனிதரைக் கொல்லாத பாம்புகள். கொல்லக்கூடிய நான்கைந்தைப் பற்றி இத்தனை கதை இல்லை என்பது சிந்திக்கத்தக்கது. ஏற்காட்டு மலையிலிருந்து 1863இல் பெடோம் விவரித்த, மண்ணுக்குள் மண்புழு தின்று வாழும் மொட்டை வால் பாம்பு நெடுங்காலம் வேறோர் இனத்தின் கிளையாக எண்ணப்பட்டு அண்மையில்தான் மீண்டும் தனியினமாக ஏற்கப்பட்டது. இக்குடும்பத்துப் பாம்புகள் தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகில் எங்குமில்லை. வாலும் தலைபோலத் தோன்றுவதால், ‘இருதலை’ என்ற ஒற்றைச் சொல்லோடு மண்வெட்டி இதன்மேல் இறங்கிவிடுகிறது.

இன்னும் வலுவான மறுப்பு பயன்வாதத்தினுடையது. நூறு பாம்பில் எது கொல்லும் என்று நின்று பார்ப்பதைவிட நூறுக்கும் அஞ்சுவது மலிவான காப்பீடு அல்லவா? முதற்பார்வைக்கு இது சரியே. ஆனால் அஞ்சி விலகுபவருக்குத்தான் இந்தக் காப்பீடு செல்லும், அஞ்சி அடிப்பவருக்குச் செல்லாது. அடிக்கப் போகிறவர் பாம்பின் எட்டும் தூரத்துக்குள் தாமே நுழைகிறார். சாரையை ஒழித்தால் தானியத்துக்கு வரும் எலி பெருகும், எலி இருக்கும் இடத்துக்கு நல்ல பாம்பும் வரும். கடிபட்ட பிறகும் வகையற்ற அச்சமே பெருங்கேடு: இறுகக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், மந்திரிக்க ஓடுவதும் அதன் விளைவுகள். கடிபடாத வாய்ப்பை அச்சம் தரலாம், கடிபட்டவரின் நேரத்தை அது தின்றுவிடுகிறது. கொல்லிமலையில் அந்த நேரத்தின் விலை அதிகம். மலையில் முடியாத சிகிச்சைக்குக் காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கியாக வேண்டும்.

அப்படியானால் மதிப்பைப் பற்றிப் பேசுவது சமவெளியில், மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பவரின் சொகுசு என்று ஒருவர் சொன்னால் அதில் பாதி நியாயம் உண்டு. நச்சுமுறி மருந்தும் வண்டியும் இல்லாத ஊரில் பாம்பைக் கொல்லாதே என்று மட்டும் சொல்வது அறிவுரை ஆகாது. ஆனால் அந்த மருந்தே பாம்பு உயிரோடு இருப்பதால் வருவது. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் உருவாகி வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறது. இருளர் அச்சமற்றவர்கள் என்று சொல்வது அவர்களைப் புகழ்வதாகத் தோன்றும், உண்மையில் அது குறைத்து மதிப்பிடுவது. எங்கே அஞ்ச வேண்டும் என்று மற்றவரைவிட நுட்பமாக அறிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவுக்காகவே வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. ஒவ்வொரு கடியும் கணக்கில் வந்தால்தான் எந்த மலைக்கு எவ்வளவு மருந்து என்பது தெரியும்.

அந்தக் கணக்கில் கொல்லிமலை போன்ற இடங்களுக்குத் தனிக் கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. இந்தியாவில் கிடைக்கும் நச்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சிலிருந்து செய்யப்படுவது. கிழக்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் இலையோடு இலையாகக் கிடக்கும் பச்சை நிற மூங்கில் விரியன் அந்த நான்கில் இல்லை. மிளகு பறித்த கையைக் கடித்தது செடிமேல் கிடந்த பச்சை விரியனா, தரையில் கிடந்த வேறொன்றா என்று கடிபட்டவர் சொல்லத் தெரிந்திருந்தால், பயன் தராத மருந்தை ஏற்றுவதா வேண்டாமா என்று மருத்துவர் முடிவுசெய்ய அது உதவும். அதற்குப் பாம்பை அடித்துத் தூக்கி வரவேண்டியதில்லை, பெயர் தெரிந்தால் போதும்.