நாளந்தா வாசல் முதல் ஜி.ஆர்.இ வரை

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பிள்ளையார்பாளையத்துல எங்க தெருவுல இப்பவும் சில வீடுகள்ல தறிச் சத்தம் கேக்குது. திண்ணையில உக்காந்து பேப்பர் புரட்டிட்டு இருந்தப்ப எதிர்வீட்டுத் தம்பி வந்து நின்னான். மெக்கானிக்கல் கடைசி வருஷம். அப்பா நெசவு.

"அண்ணா, ஜி.ஆர்.இ எழுதவா, ஜிமேட் எழுதவா? ரெண்டுக்கும் பணம் கட்ட முடியாதுண்ணா."

"எல்லாரும் ஜி.ஆர்.இ தான்டா எழுதுவாங்க"ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. எனக்கும் இதே பதிலைத்தான் சொன்னாங்க. 2018ல ஹாஸ்டலே எழுதுதுன்னு நானும் 205 டாலர் கட்டி எழுதினேன். எங்கே போய் என்ன படிக்கப் போறேன்னு ஒரு யோசனையும் கிடையாது. மார்க் வந்தது, கேம்பஸ்ல வேலையும் வந்தது. ஜி.ஆர்.இ மார்க் 5 வருஷம்தான் செல்லும். 2023ல சத்தமில்லாம காலாவதியாகிப் போச்சு. அந்தப் பணத்துக்கு அப்பா எத்தனை நாள் தறிக்குழியில உக்காந்திருப்பார்னு அப்ப நான் கணக்குப் போட்டுப் பாக்கலை.

அதனால தம்பிகிட்ட "நாளைக்கு சொல்றேன்"னுட்டு, இந்த நுழைவுத்தேர்வு சமாசாரம் எங்கேருந்து வந்துச்சுன்னு படிக்க உக்காந்தேன். (பொறியியல் படிச்சவனுக்கும் வரலாற்றுக்கும் ஏழாம் பொருத்தம்தான், பொறுத்துக்குங்க :-))

முதல் ஆச்சரியம், ஒரு காலத்துல மேல்படிப்புக்கு வெளியூர்க்காரங்க வந்து சேர்ந்த ஊரே நம்ம ஊர்தான். 4ஆம் நூற்றாண்டுல மயூரசர்மன்னு ஒருத்தர், இன்னைக்கு கர்நாடகாவுல சிவமொக்கா மாவட்டத்துல இருக்கிற தாளகுந்தாவிலிருந்து, தன் குரு வீரசர்மனோட காஞ்சி கடிகைக்குப் படிக்க வந்தார். வந்த இடத்துல பல்லவக் குதிரை வீரனோட தகராறு. படிப்பை விட்டுட்டு வாளைத் தூக்கினார், கடம்ப ராஜ்யத்தையே உண்டாக்கினார். தாளகுந்தா தூண் கல்வெட்டு சொல்ற கதை இது. (படிப்பைப் பாதியில விட்டவங்கள்ல இவரை மிஞ்ச ஆள் இல்லை.)

ரெண்டாவது ஆள் இங்கேருந்து கிளம்பிப் போனவர். 6ஆம் நூற்றாண்டுல காஞ்சியில பிறந்த தர்மபாலர். மந்திரி மகன், கல்யாணம் நிச்சயமான நேரத்துல வீட்டை விட்டுப் போய் துறவியானவர்னு யுவான் சுவாங் எழுதி வச்சிருக்கார். கடைசியில நாளந்தாவுக்கே தலைவரானார். அவரோட சீடர் சீலபத்திரர்கிட்டதான் 7ஆம் நூற்றாண்டுல யுவான் சுவாங் பாடம் படிச்சார்.

அந்த நாளந்தாவுல நுழைவுத்தேர்வு வாசல்லயே நடந்தது. வெளியூர்லேருந்து வர்றவங்களை வாயில்காப்பாளரே கஷ்டமான கேள்விகளாக் கேப்பாராம். பத்துப் பேர்ல ஏழெட்டுப் பேர் திரும்பிப் போயிடுவாங்கன்னு யுவான் சுவாங் எழுதுறார். கோச்சிங் சென்டர் இல்லாத காலம்!

இதுல ஒண்ணு கவனிங்க. நாளந்தாவுக்குள்ள நாள் முழுக்க நடந்தது வாதம்தான். அதையேதான் வாசல்லயும் சோதிச்சாங்க. உள்ளே என்ன வேலையோ அதுதான் வெளியே பரீட்சை.

ஜி.ஆர்.இ பிறந்த காரணம் வேற. 1930கள்ல அமெரிக்காவுல மேல்படிப்புக்குப் பல கல்லூரிகள்லேருந்தும் விண்ணப்பம் வருது. ஒரு கல்லூரியோட 80 மார்க்கும் இன்னொரு கல்லூரியோட 80 மார்க்கும் ஒண்ணா? யாருக்கும் தெரியலை. 1936ல கார்னெகி அறக்கட்டளை ஒண்ணு ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா நாலு பல்கலைக்கழகங்களோட சேர்ந்து பொதுவா ஒரு தேர்வு வைக்கிற வேலையைத் தொடங்குச்சு. 1947ல இ.டி.எஸ் நிறுவனம் உருவாக, அடுத்த வருஷம் ஜி.ஆர்.இ அவங்க கைக்குப் போச்சு. 1953ல மேலாண்மைப் பள்ளிகள் சில கூடி, எங்க படிப்புக்குத் தனியா ஒண்ணு வேணும்னு கேட்டாங்க. 1954ல வந்த அந்தத் தேர்வுக்கு 1976ல ஜிமேட்னு பேர் வச்சாங்க. டோஃபல் 1964, ஐ.இ.எல்.டி.எஸ் 1989. இது எல்லாமே வாசல்ல நிக்கிறவன் யாருன்னு உள்ளே இருக்கிறவங்களுக்குத் தெரியலைங்கிறதுக்காக வந்த தேர்வுகள்.

தெரிஞ்சுட்டா? ராமானுஜன் 1907ல எஃப்.ஏ தேர்வுல தோத்தவர். 1913 ஜனவரியில ஹார்டிக்குத் தேற்றங்களோட ஒரு கடிதம் போட்டார். 1914ல கேம்பிரிட்ஜ் அவரைக் கூப்பிட்டுக்கிச்சு. கடிதமே பரீட்சை. நாம யாரும் ராமானுஜன் இல்லைதான். ஆனா 2020ல கொரோனா சமயத்துல நிறைய பல்கலைக்கழகங்கள் தேர்வைத் தள்ளுபடி பண்ணினப்ப, பிராஜக்ட்டையும் கட்டுரையையும் பாத்தே ஆள் எடுத்தாங்க. பல துறைகள்ல அந்தத் தள்ளுபடி இன்னும் நீடிக்குது.

மறுநாள் தம்பிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "தேர்வை விட்டுடு. எந்த வாசல்னு முதல்ல எழுது. ஒவ்வொரு வாசல்லயும் என்ன கேக்கிறாங்கன்னு அவங்க பக்கத்துலயே பாரு."

சாயந்தரம் ஒரு நோட்டோட வந்தான். அஞ்சு பேர் எழுதியிருந்தான், எல்லாமே உற்பத்திப் பொறியியல். ரெண்டு இடத்துல தேர்வே வேணாம். ரெண்டுல ஜி.ஆர்.இ இருந்தா அனுப்பலாம், கட்டாயமில்லை. ஒண்ணே ஒண்ணுல கட்டாயம் ஜி.ஆர்.இ. ஜிமேட்டை எங்கேயும் காணோம்!

எம்.பி.ஏ-வா இருந்தா கதை வேற. அங்கேயும் ஜி.ஆர்.இ-யை ஏத்துக்கிற பள்ளிகள் நிறைய வந்துடுச்சு, ஆனா ஜிமேட்டுக்கு இன்னும் மவுசு இருக்கு. 2023ல ரெண்டு தேர்வையுமே சுருக்கிட்டாங்க. ஜி.ஆர்.இ இப்ப ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியுது, வார்த்தை அறிவு வேணும், ஜியோமெட்ரியும் உண்டு. ஜிமேட் ரெண்டேகால் மணி நேரம், அதுல ஜியோமெட்ரி போயிடுச்சு, தரவு அலசல் வந்துடுச்சு. எது சுலபம்ங்கிற கேள்வி கடைசியில வரவேண்டியது.

பாவு போடுறதுக்கு முன்னாடியே உடம்பு என்ன கலர், கரை என்ன கலர்னு முடிவு பண்ணியாகணும்னு எங்க தெருவுல யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தறியில ஏத்தினப்புறம் மாத்த முடியாது. எனக்குத்தான் 2018ல அது உறைக்கலை.

நாங்க பேசிட்டு இருந்தப்ப உள்ளேருந்து தம்பியோட அப்பா தறியை நிறுத்திட்டுக் கேட்டார்.

"எவ்வளவு கட்டணும் தம்பி?"

"இப்போதைக்கு ஒண்ணும் கட்ட வேணாம் மாமா. அந்த ஒரு இடம் நிஜமாவே வேணுமான்னு முதல்ல முடிவு பண்ணட்டும்."

தறிச் சத்தம் திரும்ப ஆரம்பிச்சுது.