கல்லீரல் புற்றுநோயில் இரத்தக்குழாய் ஊடுருவல்: வகைப்பாடு

கல்லீரலின் சொந்த உயிரணுக்களில் தோன்றும் புற்றுநோய், அருகிலுள்ள இரத்தக்குழாய்க்குள் புகுந்து வளர்வது இரத்தக்குழாய் ஊடுருவல் எனப்படும். பெரும்பாலும் அது புகுவது வாயிற்சிரையில். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் இரத்தம் கொண்டுவரும் இந்தச் சிரைதான் கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தருகிறது. அதன் பெருந்தண்டு அடைபட்டால் வயிற்றில் நீர் கோக்கும். உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்துக் கசியும். புற்றணுக்களும் கிளைவழியே கல்லீரலெங்கும் பரவும். சிகிச்சை பெறாதவர்கள் பொதுவாக 2 முதல் 4 மாதங்களே உயிர்வாழ்ந்தனர்.

ஊடுருவல் எவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது என்பதை அளக்க ஜப்பானிய மருத்துவர்கள் வகுத்த முறையே பரவலாக வழங்குகிறது. இரண்டாம் நிலைக் கிளைக்கு அப்பாலுள்ள நுண்கிளைகளோடு நின்றால் விபி1. இரண்டாம் நிலைக் கிளை என்றால் விபி2. வலது அல்லது இடது முதற்கிளை என்றால் விபி3. பெருந்தண்டையோ எதிர்ப்பக்கக் கிளையையோ தொட்டுவிட்டால் விபி4. கல்லீரல் சிரைகளுக்குத் தனி வரிசை உண்டு: அதில் விவி3 என்றால் கட்டி கீழ்ப்பெருஞ்சிரையை எட்டிவிட்டது, அடுத்து இதயம்தான். சீனாவில் செங் ஷுசுன் வகுத்த நால்வகை முறையும் பயன்படுகிறது. அதன் நான்காம் வகை மேல் குடற்சிரைவரை இறங்கிய கட்டியைக் குறிக்கும்.

இவையெல்லாம் ஸ்கேனில் தெரிபவை. நுண்ணிய ஊடுருவலோ அறுத்தெடுத்த கல்லீரலை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே உறுதியாகும். அறுவைக்கு முன் ஊகிக்க மட்டுமே முடியும். சிரோசிஸ் நோயாளிகளுக்கு வெறும் இரத்தக்கட்டியும் வாயிற்சிரையில் உண்டாவதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனில் தமனிக் கட்டத்தில் உள்ளிருப்பது ஒளிர்ந்தால், சிரையும் விரிந்திருந்தால், அது புற்றே.

சிகிச்சையில் கிழக்கும் மேற்கும் ஒத்துப்போவதில்லை. 1999-இல் வெளியான பார்சிலோனா வகைப்பாடு, கண்ணுக்குத் தெரியும் ஊடுருவல் அனைத்தையும் 'சி' நிலையில் அடக்குகிறது; அதற்கு இன்று மருந்துச் சிகிச்சையையே பரிந்துரைக்கிறது. ஜப்பானிலும் சீனாவிலும், கல்லீரல் செயல்பாடு நன்றாக இருந்தால் விபி1, விபி2 நோயாளிகளுக்கு அறுவை செய்கிறார்கள். விபி3-க்கும் சில வேளைகளில் உண்டு. நுண்கிளையில் நிற்கும் கட்டியையும் பெருந்தண்டை அடைத்த கட்டியையும் ஒரே பெயரில் அழைப்பது முரட்டுக் கணக்குதான். பெருந்தண்டு அடைபட்டவருக்குத் தமனிவழி அடைப்புச் சிகிச்சை செய்ய மருத்துவர்கள் தயங்குவதற்கும் காரணம் இடம்தான்: சிரை ஏற்கெனவே அடைபட்ட நிலையில் தமனியையும் அடைத்தால் கல்லீரலே செயலிழக்கலாம். கதிர்வீச்சு, இட்ரியம்-90 மணிகள் ஆகியவை அங்கே மாற்று வழிகள். கல்லீரல் மாற்று அறுவைக்கோ பெரிய குழாய் ஊடுருவல் பொதுவாகத் தடை. யாருக்கு மாற்று அறுவை செய்யலாம் எனச் சொல்லும் 1996-இன் மிலான் வரையறையும் அதை விலக்கியே வைக்கிறது.

பல மருந்தாய்வுகள் விபி4 நோயாளிகளைச் சேர்ப்பதேயில்லை. அவர்களைச் சேர்த்த இம்பிரேவ்150 ஆய்வில், அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் இரண்டும் சேர்ந்து பெற்ற விபி4 நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 7.6 மாதம், சோராஃபெனிப் பெற்றவர்களுக்கு 5.5 மாதம். அதே ஆய்வில் விபி4 இல்லாதவர்களுக்கு இது முறையே 21.1, 15.4 மாதங்கள்.