சீழ்க்கையடிக்கும் மலைக்காட்டுப் பறவை

மன்னார்க் கடலின் முத்துச் சிப்பிகளை ஆராய வந்த ஆங்கிலேயர் ஒருவர் மலைநாட்டுப் பறவை ஒன்றுக்குப் பெயர் சூட்ட நேர்ந்தமை விந்தையே. ஹோல்ட்ஸ்வேர்த் என்னும் அவ்வறிஞர் 1872 ஆம் ஆண்டில் இப்பறவையை அறிவியல் உலகுக்கு அறிமுகஞ் செய்து, அரெங்கா பிளைகை எனப் பெயரிட்டார். சிங்களத்தில் இன்று இதனை அரங்கயா என்பர்.

பிளை என்பார் கோப்பித் தோட்டக்காரர். கோப்பிக்காக மலைக்காடுகள் மளமளவென வீழ்த்தப்பட்ட காலம் அது. காட்டையே நம்பி வாழும் பறவை, காட்டை அழித்த தொழிலைச் சேர்ந்த ஒருவரின் பெயரையே சுமக்கின்றது. காடு வெட்டிய தென்னிந்தியத் தொழிலாளருள் எவர் பெயரும் அதில் ஏறவில்லை. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. ஆயினும் காடு மீளவில்லை, தேயிலை பரவிற்று.

இலெக் என்னும் இராணுவ அதிகாரி 1880 இல் முற்றுப்பெற்ற தமது பெருநூலிலும், ஹென்றி 1955 இல் வெளியான தமது கைந்நூலிலும் இப்பறவையை விவரித்தனர். இன்றும் இதனைக் காண விழைவோர் பலர் ஏமாற்றத்துடன் திரும்புவதுண்டு. அடர்நிழல் படிந்த மலையோடைகளை விட்டு இது எளிதில் வெளிவராது. ஹோர்ட்டன் சமவெளி இதற்குப் பெயர்பெற்ற இடம். அங்கும் நண்பகலில் தேடுவது வீண். பொழுது புலருமுன்னரோ, அந்தி மயங்கும் வேளையிலோ செல்லல் வேண்டும்.

முதலிற் கண்ணை அன்று, காதையே நம்புதல் நன்று. நீரின் இரைச்சலையும் ஊடறுத்து வரும் கூரிய சீழ்க்கையொலியே இதன் அடையாளம். ஒலி வந்த திசையில், ஓடைக்கரைக் கற்களையும் தாழ்ந்த கிளைகளையும் அசையாது நோக்குக. ஆண் ஏறக்குறையக் கருநிறம். முன்னுடலில் நீலச் சாயலும், தோளில் ஒளிரும் நீலத் திட்டும் உண்டு. பெண் கபில நிறத்தது. நீலம் தோளளவிலேயே நிற்கும். அதே காட்டில் வாழும் கரும்பூங்குருவியை இதுவென மயங்குதல் எளிது. அலகைப் பார்த்தால் ஐயம் தீரும்: கரும்பூங்குருவியின் அலகு செம்மஞ்சள், இதன் அலகு கறுப்பு.

ஹோர்ட்டன் சமவெளி 1988 இல் தேசிய பூங்காவாயிற்று. ஆயினும் அங்கு மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போவது ஆய்வாளரைக் கவலைக்குள்ளாக்கியுள்ளது. மரநிழல் அற்றுப்போன ஓடையில் இப்பறவை தங்குவதில்லை.