தரையோவியமும் நூல்வழக்கும்

கிரேக்கப் புராணக் கதைகளை ஆராய்வோர் புலவர்தம் நூல்களையே முதற்சான்றாகக் கொள்வர். மாளிகைத் தரைகளிற் கல்பதித்து அமைத்த ஓவியங்களை அந்நூல்களின் விளக்கப் படங்களாகவே மதிப்பர். ஓவியம் நூலோடு மாறுபடுமிடத்துக் கைவினைஞன் பிழைபட்டான் எனக் கூறி அமைவர். இம்முறை பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சைப்பிரசுத் தீவின் மேற்குக் கரையிலுள்ள பாபோசில் 1962-ஆம் ஆண்டு நிலத்தைச் சமன்செய்தபோது, உரோமர் காலத்து மாளிகையொன்று தற்செயலாக வெளிப்பட்டது. மதுக்கடவுளின் உருவங்கள் சிறந்து விளங்குதலின் அது 'தயோனிசசு மாளிகை' எனப்பட்டது. அதன் 2,000 சதுர மீட்டர்ப் பரப்பில் 556 சதுர மீட்டர் ஓவியத் தரையாகும். காலம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதி அல்லது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம். சாந்தின்மேற் பன்னிறக் கற்றுண்டுகளை நெருங்கப் பதித்து உருவங்களை அமைத்த வினைஞர், சிலவற்றின் அருகே பெயர்களையும் கிரேக்க எழுத்திற் பொறித்துள்ளனர். இப்பெயர்களே நமக்குப் பெருந்துணை.

அங்குள்ள ஓர் ஓவியத்தில் பைரமசு, திசுபே என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. இவர்கள் பாபிலோன் நகரத்துக் காதலர் என்றும், திசுபேயின் ஆடையை விலங்கு கவ்வியது கண்டு பைரமசு அவள் இறந்தாள் எனக் கருதி உயிர் நீத்தான் என்றும் உரோமப் புலவர் ஓவிது பாடினார். ஓவியத்திலும் அஞ்சி நிற்கும் திசுபேயும் ஆடையைக் கவ்விய விலங்கும் உளர். ஆயின் பைரமசோ காதலனாக இல்லை. நாணல் முடி சூடிச் சாய்ந்திருக்கும் ஆற்றுத் தெய்வமாக உள்ளான்! இதனைப் பிழை என்பாருளர். யாம் அவ்வாறு கருதவில்லை. சைப்பிரசுக்கு வடக்கே, கடலுக்கு அப்பாலுள்ள சிலிசியா நாட்டில் பைரமசு என்றே ஓர் ஆறு உண்டு. இன்று துருக்கியர் அதனைச் செய்கான் என்பர். அவ்விருவரும் நீர்களாயினர் என்னும் வழக்கைப் பிற்காலப் புலவர் நோன்னோசும் அறிவார். வினைஞன் இரு வழக்குகளைக் கலந்தான் எனலாம். அறியாத கதையை எங்ஙனம் கலப்பான்?

இதனினும் வலிய சான்று, அதே நகரத்து 'அயோன் மாளிகை'யில் 1983-இல் வெளிப்பட்டது. இதன் காலம் கி.பி. நான்காம் நூற்றாண்டு. தன் குலத்து அழகைச் செருக்கிப் பேசிய அரசி காசியோப்பியா கடல்மகளிரின் சினத்துக்கு ஆளாயினாள் என்பதும், அதன் பயனாக அவள் மகள் ஆந்திரோமேதா பாறையிற் பிணிக்கப்பட்டாள் என்பதும் நூல்வழக்கு. இவ்வோவியத்திலோ காசியோப்பியா வென்றுவிடுகின்றாள்! காலத்தின் உருவமாகிய அயோன் நடுவனாக அமர, தீர்ப்பு என்னும் பொருளுடைய கிரைசிசு அவளுக்கு முடி சூட்டுகின்றாள். தோற்ற கடல்மகளிரைக் கடலுயிர்கள் சுமந்து செல்கின்றன. ஒரு வினைஞனின் மயக்கமெனில் இது ஓரிடத்தோடு நின்றிருக்கும். சிரியா நாட்டுப் பால்மிராவிலும் அபமேயாவிலும் இதே வெற்றி தரையிற் பதிக்கப்பட்டுள்ளது. அபமேயாவின் ஓவியம் பிற்காலக் கிறித்தவப் பேராலயத்தின் அடியிற் புதைந்து கிடந்தது.