கீபோர்ட் பட்டன்களுக்கும் வரலாறு இருக்கிறது

"கொம்பியூட்டர் பழுதாகிட்டு" என்று நாம் பதறும் பல நேரங்களில் எதுவும் பழுதாகியிருப்பதில்லை. விரல் தெரியாமல் ஒரு பட்டனில் பட்டிருக்கும். அந்தப் பட்டன் எதற்காக வந்தது என்று தெரிந்தால் பயம் பாதியாகக் குறைந்துவிடும்.

கெப்ஸ் லொக்கை எடுத்துக்கொள்வோம். 1874 இல் அமெரிக்காவில் ரெமிங்டன் கம்பனி விற்பனைக்கு விட்ட தட்டச்சு இயந்திரம் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மட்டுமே அடித்தது. 1878 இல் வந்த இரண்டாவது மாதிரியில்தான் சிறிய எழுத்துகளும் ஷிஃப்ட் பட்டனும் சேர்ந்தன. ஷிஃப்ட் என்றால் நகர்த்துதல். அதை அழுத்தினால் தாளைத் தாங்கும் உருளை உண்மையிலேயே இடம் நகரும். விரல் எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க முடியாதல்லவா? அதைப் பூட்டி வைக்க இன்னொரு பட்டன் வந்தது. அதன் வாரிசுதான் கெப்ஸ் லொக். சரியான பாஸ்வேர்டை அடித்தும் "பிழை" என்று வந்தால், முதலில் அதன் சின்ன விளக்கைப் பாருங்கள்.

அடுத்தது நம்லொக். 1981 இல் வந்த ஐபிஎம் பீசியின் கீபோர்டில் 83 பட்டன்களே இருந்தன. அம்புக்குறிகளுக்குத் தனி இடமில்லை. இலக்கங்களோடு ஒரே பட்டன்களில் இருந்தன. எது வேண்டும் என்று தெரிவு செய்யவே நம்லொக். பிறகு அம்புக்குறிகளுக்குத் தனிப் பட்டன்கள் வந்தன. நம்லொக் மட்டும் போகவில்லை. புள்ளிப் பட்டியல் அடிக்கும்போது வலப்பக்க இலக்கங்கள் விழாமல் கேர்சர் அங்குமிங்கும் ஓடினால் காரணம் அதுதான்.

கன்ட்ரோல், ஓல்ட், டிலீட் மூன்றின் கதை இன்னும் நல்லது. கொம்பியூட்டரை உடனே மறுபடி இயக்க இந்த வழியை அமைத்தவர் ஐபிஎம் பொறியியலாளர் டேவிட் பிராட்லி. முதலில் டிலீட் இருக்கும் இடத்தில் எஸ்கேப்தான் இருந்தது. மூன்றும் இடப்பக்கமே இருந்ததால் கை தட்டுப்பட்டாலே மெஷின் மறுபடி தொடங்கிவிடும். அதனால் ஒன்றை வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். கை தவறும் என்பது செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது.

நாமோ, புதிதாகப் பழகும் உம்மாவையும் ராத்தாவையும் "உங்களுக்கு இது சரிவராது" என்று எழுப்பிவிடுகிறோம். பிறகு அவர்கள் கிட்டவே வருவதில்லை. ஒரு விண்ணப்பம் நிரப்பவும் பாஸ்வேர்டை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

முதல் பாடமாக கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தப் பழக்குவோம். அடித்ததெல்லாம் அழிந்தாலும், உடனே அழுத்தினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கீபோர்டை அவர்கள் கையிலேயே விடுவோம்.