கழித்தலும் கூட்டலும்: ஒரு சிறு காரின் பந்தய வரலாறு

நம்மிடம் தமிழ் படித்து, பின்னர் பிழைப்பின் பொருட்டு அமெரிக்கா சென்ற மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு புகைப்படத்தைக் காட்டினார். அவருடைய அலுவலக நண்பர் வாங்கிய சிவப்பு நிற மாஸ்டா எம்.எக்ஸ்-5 கார் அது. இருக்கை ஒன்று இல்லை, தரைவிரிப்பு இல்லை, துணிக்கூரை இல்லை, கதவின் உட்புறம் வெறும் தகடு. வண்டிக்குள் இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு. "நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை இப்படிச் சிதைப்பது பாவமில்லையா, ஐயா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு விடையளிக்காமல் இருந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அதன் பின்னே சென்றபோது கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம். இலக்கிய அன்பர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். மனிதர் தம் விருப்பத்திற்குக் கொடுத்த விலை எங்கிருந்தாலும் அது நம் வாசிப்புக்கு உரியதே.

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1945 முதல் 1949 வரை எம்.ஜி. டி.சி. என்னும் இரண்டு இருக்கைக் கார் தயாரிக்கப்பட்டது. 1,250 கன சென்டிமீட்டர் எஞ்சின், 54 குதிரைத்திறன், எடை 800 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. மரச்சட்டத்தின்மீது தகடு போர்த்திய உடல். அக்காலத்திலேயே அது பழைய பாணி வண்டிதான். மொத்தம் ஏறத்தாழ 10,000 வண்டிகள் உருவாயின. அவற்றுள் ஏறக்குறைய 2,000 அமெரிக்கா சென்றன. அமெரிக்கரோ சாலையின் வலப்புறம் செல்பவர்கள், டி.சி.யின் ஸ்டியரிங்கும் வலப்புறத்திலேயே இருந்தது. அந்த வசதிக்குறைவையும் பொருட்படுத்தாமல் அவர்கள் அதை விரும்பினர். பெரிய, மெத்தென்ற, சோம்பலான கார்களுக்குப் பழகியவர்களுக்கு, சொன்ன சொல் கேட்டுத் திரும்பும் இந்தச் சிறு வண்டி புதுமையாயிருந்தது.

1948 அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் என்னும் சிற்றூரில் ஒரு பந்தயம் நடந்தது. ஏற்பாடு செய்தவர் கேமரன் ஆர்கெட்சிங்கர் என்னும் சட்டக் கல்லூரி மாணவர். ஊரின் கடைத்தெரு, மலைப்பாதை, மண்சாலை, இருப்புப்பாதைக் குறுக்கு எல்லாம் சேர்ந்த 6.6 மைல் சுற்று. பந்தய நேரத்தில் இரயிலை நிறுத்தி வைத்தார்கள் என்பது சுவையான செய்தி. ஆர்கெட்சிங்கர் ஓட்டியதும் ஒரு டி.சி.யே. அதே நாளில் கடல் கடந்து இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில், போர் முடிந்து கைவிடப்பட்ட விமானத்தளத்திலும் முதல் பெரும் பந்தயம் நடந்தது. இந்த ஒற்றுமையை நினைவில் கொள்ளுங்கள், பின்னர் வருவோம்.

அந்நாளில் டி.சி.யைப் பந்தயத்திற்கு ஆயத்தப்படுத்துவது எளிய காரியம். முன்கண்ணாடியை முன்னோக்கி மடக்கிப் படுக்க வைத்துவிடலாம். வண்டியே அதற்கேற்ப அமைந்திருந்தது. மழைக்கூரையையும் மாற்றுச் சக்கரத்தையும் கழற்றி வைப்பார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் சக்கரங்களின் மேலிருக்கும் மட்கார்டுகளையும் விளக்குகளையும் நீக்குவார்கள். இன்னும் துணிந்தவர்கள் எஞ்சினின் தலைப்பகுதியைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். நிறுவனமே இதற்குப் படிப்படியான கையேடு வெளியிட்டிருந்தது. ஞாயிறன்று பந்தயம், திங்களன்று அதே வண்டியில் அலுவலகம். 1961இல் உலகச் சாம்பியனான பில் ஹில் தொடக்கத்தில் ஓட்டியது டி.சி.தான். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கரோல் ஷெல்பி 1952இல் தம் முதற் சாலைப் பந்தயத்திற்கு ஏறியதும் டி.சி.யில்தான்.

ஆக, முதற்கட்டம் முழுவதும் கழித்தல். எடை குறைந்தால் அதே எஞ்சின் விரைந்து இழுக்கும். பிரேக்குக்கு வேலை குறையும். வளைவில் டயர் தாங்க வேண்டிய சுமையும் குறையும். எஞ்சினைப் பெருக்கினால் நேர்ப்பாதையில் மட்டுமே பயன். எடையைக் குறைத்தாலோ எல்லா இடத்திலும் பயன். சொற்சுருக்கத்தின் அருமை அறிந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கழித்தவர்கள் எதையும் கூட்டவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடத்தான் வேண்டும். இடுப்பு வார் இல்லை. வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்க ஒரு வளைகம்பி இல்லை. பார்வையாளர்கள் சாலையோரத்தில் குழந்தை குட்டிகளோடு நின்றார்கள். 1950இல் வாட்கின்ஸ் கிளெனில் சாம் காலியர் என்னும் ஓட்டுநர் மாண்டார். போட்டி தொடர்ந்தது. 1952 செப்டம்பரில் அதே ஊர்க் கடைத்தெருவில் ஒரு கார் கூட்டத்தை உரசிச் சென்றது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான், பலர் காயமுற்றனர். அத்தோடு ஊருக்குள் பந்தயம் நின்றது.

தேர்க்காலில் கன்று மாண்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தெருவில் விரைவாகத் தேரோட்டுவது இளவரசனின் விளையாட்டாக இருக்கலாம்; தாய்ப்பசு மணியை அடித்தபின் அது அரசின் வழக்காகிவிடுகிறது. வாட்கின்ஸ் கிளெனிலும் நடந்தது அதுதான். விளையாட்டு, சட்டத்தின் முன் வந்து நின்றது.

சாலை போய்விட்டது, பந்தயக்காரர்கள் எங்கே போவது? 1944இல் தொடங்கப்பெற்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்புக்கு எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. குண்டுவீச்சு விமானப்படைப் பிரிவின் தலைவராயிருந்த ஜெனரல் கர்டிஸ் லெமே தாமே ஸ்போர்ட்ஸ் கார் பிரியர். 1952 முதல் 1954 வரை தம் விமானத்தளங்களில் பந்தயம் நடத்த இடம் கொடுத்தார். அகன்ற ஓடுதளம், அருகில் மரமில்லை, சுவரில்லை. பார்வையாளரைத் தொலைவில் நிறுத்தலாம். நகரங்களை எரித்த விமானங்களின் தளத்தில் விளையாட்டுக்கு இடம் கிடைத்ததை என்னவென்று சொல்வது! சில்வர்ஸ்டோனும் குட்வுட்டும் விமானத்தளங்களே. நம் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் போர்க்காலத்து ஓடுதளம்தான் பந்தயக் களமாயிற்று. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கெனப் பாதை அமையும்வரை அங்கேயே இயங்கியது. ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்காத நாட்டில் ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்துப் பந்தய வண்டியாக்கினார்கள் நம்மவர்கள்.

இடம் மாறியது, வண்டி மாறியதா? அதற்கு இன்னொரு சாவு தேவைப்பட்டது. 1956இல் வில்லியம் 'பீட்' ஸ்னெல் என்னும் அமெச்சூர் பந்தயக்காரர் விபத்தில் தலைக்காயமுற்று இறந்தார். தலைக்கவசம் அணிந்தேயிருந்தார், அது காக்கவில்லை. நண்பர்கள் அழுதுவிட்டுக் கலைந்துவிடவில்லை. மறு ஆண்டே, 1957இல், அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை கண்டார்கள். ஜார்ஜ் ஸ்னைவ்லி என்னும் மருத்துவர் தலைக்கவசங்களைச் சோதித்துத் தரம் வகுக்கும் பணியை முன்னின்று நடத்தினார். இன்றும் உயர்வகைத் தலைக்கவசங்களில் 'ஸ்னெல்' என்ற சிறு முத்திரையைக் காணலாம். அது வணிகப் பெயரன்று. நண்பர்கள் எழுப்பிய நடுகல்.

இனி அந்தப் புகைப்படத்துக்கு வருவோம். எம்.எக்ஸ்-5 கார் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர். பழைய ஆங்கிலேயச் சிறு கார்களின் இன்பத்தை, அவற்றின் எண்ணெய்க் கசிவும் மின்கோளாறும் இல்லாமல் தர வேண்டும் என்பதே அதை உருவாக்கியவர்களின் நோக்கம். 2016இல் அவ்வகைக் கார்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது. இவ்வளவு வண்டிகள் சாலைக்கு வந்ததால் பழையவை மலிவாகக் கிடைத்தன. உதிரிப் பாகங்களும் கிடைத்தன. 1990களின் இறுதியில் 'ஸ்பெக் மியாட்டா' என்னும் கிளப் பந்தயப் பிரிவு பிறந்தது. அதன் அடிப்படை எளிது: எல்லோருக்கும் ஒரே கார், ஒரே வகைச் சுருள்வில், ஒரே வகை அதிர்வுத் தாங்கி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. பணத்தின் வித்தியாசத்தை இயன்றவரை குறைத்து, ஓட்டுபவரின் வித்தியாசத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

இந்த வண்டியிலும் கழித்தல் உண்டு. கம்பளம், பக்கத்து இருக்கை, துணிக்கூரை போகின்றன. காற்றுப்பையும் போகிறது, பந்தயத்தின் குலுக்கலில் அது தானே வெடித்தால் ஆபத்து. ஸ்டியரிங் பூட்டையும் அகற்றுகிறார்கள். ஓடும்போது பூட்டிக்கொண்டால் முடிந்தது கதை. ஆனால் கூட்டலின் பட்டியல் அதைவிட நீண்டது. எஃகுக் குழாய்க் கூண்டு, தலைபடும் இடங்களில் அதன்மீது மெத்தை, உடலைப் பற்றிக்கொள்ளும் ஒற்றை இருக்கை, தோளையும் இடுப்பையும் தொடையையும் பிணைக்கும் வார், கை வெளியே வீசப்படாமல் சன்னலில் வலை, தீயணைப்பான், விபத்தானால் மின்சாரத்தை முழுவதும் துண்டிக்க ஒரு விசை. பிரேக் எண்ணெயையும் மாற்றுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும்; வளைவுக்கு வளைவு மிதிக்கும் சூட்டில் அது கொதித்துக் குமிழியானால், கால் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆகவே உயர்ந்த கொதிநிலை கொண்ட புதிய எண்ணெய் இன்றியமையாதது.

எடையைக் குறைக்கக் கிராம் கிராமாய்க் கணக்குப் பார்ப்பவர்கள், கூண்டின் எடையை மட்டும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த முரணில்தான் இவ்வரலாறு முழுவதும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. கழித்ததெல்லாம் ஓட்டுபவரின் ஆசை. கூட்டியதெல்லாம் முன்னால் இறந்தவர்களின் அறிவுரை. விதிப்புத்தகத்தின் வறண்ட வரிகளுக்குப் பின்னே வாட்கின்ஸ் கிளென் கடைத்தெருவும் பீட் ஸ்னெல்லும் நிற்கிறார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. டி.சி.க்காரர் திங்களன்று அதே வண்டியில் அலுவலகம் போனார். கூண்டு வைத்த மியாட்டாவோ பெரும்பாலும் டிரெய்லரில் ஏறித்தான் களத்துக்கு வருகிறது. ஏழையின் பந்தயம் என்று தொடங்கியது அத்தனை எளியதாக இப்போது இல்லை. பாதுகாப்புக்கு விலை உண்டு. அந்த விலையால் சிலர் வெளியே நிற்க நேர்கிறது. இருப்பினும் மலிவான வீரத்தைக் காட்டிலும் விலையுயர்ந்த எச்சரிக்கையே மேல் என்பது நம் கருத்து.

அந்த மாணவருக்கு இப்படி எழுதினோம்: "தம்பி, உம் நண்பர் வண்டியைச் சிதைக்கவில்லை. வேண்டாததை நீக்கி, வேண்டியதைச் சேர்த்திருக்கிறார். அடுத்த முறை அந்தக் கூண்டைக் காணும்போது, அதை யார் கட்டிக்கொடுத்தார்கள் என்று ஒரு நொடி நினைத்துக்கொள்ளும்."

சோழவரத்தில் வண்டி ஓட்டியவர்களும், இரவெல்லாம் விழித்து அவற்றைப் பூட்டிக்கொடுத்த மெக்கானிக்குகளும் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் எதைக் கழித்தார்கள், எதைக் கூட்டினார்கள் என்பதை யாரேனும் அருகிலிருந்து கேட்டு எழுதிவைத்தால் நன்றாயிருக்கும்.